பாதிரியார் காய்ச்சாத பால்

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், குளிர்காய்வதற்காகச் சுவருக்குள் கட்டிய கணப்படுப்பு ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் பதித்த கல்லில் சோற்றுத் தட்டின் அளவில் ஒரு கருத்த வளையம். முன்னொரு காலம் இந்த வீட்டில் வாழ்ந்த ஆங்கிலேயப் பாதிரியார், நெஞ்சுநோயாளருக்குத் தன் கையால் பாற்கஞ்சி காய்ச்சியதால் வந்த அடையாளம் அது என்று ஒரு சிறு புத்தகத்தில் அச்சாகியது. படத்துடன் அச்சாகியது. படத்தின் ஓரத்தில் என்னுடைய செருப்பு நுனியும் தெரியும். பாதிரியார் பாவம், ஒன்றும் அறியாதவர். வளையத்தைப் போட்டவன் நான். போட்டது ஒரு பிழை. அதைப் பற்றிச் சொன்னது வேறு பிழை. இரண்டாவதுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். குற்றத்தில் அதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில், கூருக்கும் டாவோஸுக்கும் இடையில் ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் நெஞ்சுநோய் பிடித்த ஆங்கிலேயர் மலைக்காற்றை மருந்தாகக் குடிக்க இங்கே வந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். அவர்களுக்காக ஒரு சிறு தேவாலயம், தேவாலயத்துக்கு ஒரு பாதிரியார், பாதிரியாருக்கு ஒரு வீடு. வீட்டின் வரைபடம் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். நான் நம்புகிறேன். வரைந்தவர் மழையை மட்டும் நினைத்து வரைந்திருக்கிறார். அயல் வீடுகளெல்லாம் அகன்ற ஒரே கூரையைக் கம்பளித் தொப்பி மாதிரிக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு இருக்க, இந்த வீட்டில் மட்டும் செங்குத்தான நான்கு கூரைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. அவை சந்திக்கும் பள்ளங்களில் மார்கழியில் பனி வந்து குடியேறும். பிறகு சித்திரை முடியும்வரை கிளம்பாது. யன்னல்கள் மேலும் கீழும் வழுக்கித் திறக்கும் வகை. குளிர்காலத்தில் உறைந்து, கோடையில் ஊதி, வருடத்தில் மூன்று வாரம் ஒழுங்காக வேலை செய்யும். வாசலில் கூர்வளைவு வைத்த கல் முகப்பு ஒன்று. ஒருவர் நின்று குடை மடக்க அளவான இடம். பனியைத் தட்டப் போதாது.

வீட்டுக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் பாதிரியாரின் குடும்பத்துக்கு. பக்கவாசல், துயரம் சொல்ல வருகிறவர்களுக்கு. அவர்கள் நேரே அவருடைய படிப்பறைக்குள் வந்து அழுதுவிட்டு, வீட்டுக்காரருடைய தேநீரைக் குழப்பாமல் அப்படியே வெளியே போய்விடலாம். அந்தப் படிப்பறைதான் கணப்படுப்பு இருக்கும் அறை. கிழக்குப் பார்த்த அறை. காலை வெயிலில் பிரசங்கம் எழுத வசதியாக இருந்திருக்கும்.

ஆங்கிலேயர் வருவது நின்ற பிறகு, வீடு பனிச்சறுக்குக் கழகம் ஒன்றின் விடுதியாகி, பிறகு ஒரு பல்வைத்தியர் கையில் இருந்து, கடைசியில் என் மகளும் மருமகனும் வாங்கும் நிலைக்கு வந்தது. இதில் கழகக்காரர் ஒரு காரியம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். அகலமான முன்படிக்கட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் சறுக்குப் பலகைகள் வைக்க ஓர் அறை கட்டியிருந்தார்கள். மிஞ்சியது வேலைக்காரருக்கென்று கட்டிய படிக்கட்டு. பத்தொன்பது படிகள். ஒரு ஆளும் ஒரு வாளியும் ஏறலாம். ஆள் கொஞ்சம் பருமன் என்றால் வாளி கீழே நிற்க வேண்டும்.

மகள் கூர் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். அவளுடைய திட்டம் எளிமையானது. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயின. ஆகவே படிப்பறை எங்கள் இருவருக்கும் படுக்கையறை. சறுக்குப் பலகை அறை குளியலறை. இரண்டுக்கும் நடுவில், கணப்பின் பக்கத்துச் சுவரில், ஒரு கதவு. அவ்வளவுதான். ஆனால் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. ஒரு ஆணி அடிப்பதென்றாலும் பழைய கட்டடங்களைக் காக்கும் கன்டோன் அரசின் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். அதற்கு டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், நீளமான பெயர் உண்டு. எங்கள் வீட்டில் சுருக்கி ‘டெங்க்மால்’ என்போம். அங்கேயிருந்து எங்களுக்கென்று ஓர் இளம்பெண் வந்தார். பொறுமையானவர். சுவரைத் தட்டிப் பார்த்தார். கழகக்காலத்து அறைதானே, கதவு வெட்டலாம்போல் இருக்கிறது, எழுதிப் போடுங்கள் என்றார். போகும்போது கணப்பின் மேல் ஒரு கடதாசி ஒட்டிவிட்டுப் போனார்: நெருப்பு மூட்டக் கூடாது. மகள் அதன் கீழே தமிழிலும் எழுதினாள். அந்தத் தமிழ் யாருக்காக என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பங்குனியில் குடிபூரல். புதுவீட்டில் பால் காய்ச்சாமல் நாங்கள் கட்டிலை ஏற்றமாட்டோம். நாள்காட்டியில் நல்ல நேரம் ஒரு வேலைநாள் காலை ஏழேகாலிலிருந்து எட்டுவரை இருந்தது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். மருமகன் ரயில்வேக்காரன், அவன் அதற்கு முன்பே போய்விட்டான். “நீங்கள் ரெண்டு பேரும் போய் அமைதியாப் பாலைக் காய்ச்சிப்போட்டு வாங்கோ. வீட்டுத் திறப்பு அப்பாட்டை இருக்கு” என்று சாவியையும் நினைவூட்டிப் போனாள். ‘அமைதியா’ என்ற சொல்லை அவள் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

நான் கொண்டுபோனது புது மண்பானை. சூரிச்சில் ஒரு தமிழ்க்கடையில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. குசினியில் பல்வைத்தியர் பொருத்திவிட்டுப் போன கண்ணாடி அடுப்பு. அது இரும்புச் சட்டிக்குத்தான் சூடாகும். மண்பானையை வைத்தால், பானை வைக்கவில்லை என்று ஒரு குறியைக் காட்டிவிட்டு அணைந்துபோகிறது. மூன்று தரம் வைத்தேன். மூன்று தரமும் பானை இல்லை என்றது. பானையில் பால், சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் தளும்பிக்கொண்டு இருக்கிறது.

“இஞ்சருங்கோ, எவர்சில்வர் சட்டியிலை காய்ச்சுவம்” என்றாள் மனைவி. “பால் பொங்கினாச் சரிதானே.”

“புதுப்பானையிலை காய்ச்சிறதுதான் முறை.”

“எந்தக் காலத்திலை நீங்கள் முறை பாத்தனியள்? என்ரை கலியாணத்திலையே ஐயர் மந்திரம் சொல்லேக்கை மணிக்கூடு பாத்தவர்தானே நீங்கள்.”

அது உண்மை. நான் வாழ்நாள் முழுவதும் இந்தக் காரியங்களைச் சிரித்துக்கொண்டு பார்த்தவன். ஆனால் டாவோஸில் ஹோட்டல் அறை, பிறகு ஓஸ்டர்முண்டிகனில் மூன்று வாடகை வீடுகள் என்று எல்லா இடத்திலும் எவர்சில்வர் சட்டியிலேயே பால் காய்ச்சியாயிற்று. முதல்முறையாக எங்கள் பிள்ளையின் சொந்த வீடு. பானை இல்லை என்று ஓர் அடுப்பு சொல்வதை நான் ஏற்கத் தயாராக இல்லை.

படிப்பறைக்குப் போனேன். கிழக்குப் பார்த்த அறை, கிழக்குப் பார்த்த கணப்பு. பாதிரியார் எங்களுக்காகவே கட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. தோட்டத்திலிருந்து மூன்று கல் எடுத்து வந்து, கணப்பின் வாயில், முன்னால் பதித்த கல்லின் மேல் அடுக்கினேன். எச்சரிக்கைக் கடதாசி எரிந்துவிடாமல் பத்திரமாகக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். விறகு ஈரம். கற்பூரம் பிடித்து அணைந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கைவசம் இருந்த ஒரே காய்ந்த பொருள் அந்தக் கடதாசிதான். நன்றாகப் பிடித்தது.

இங்கே நான் வெட்கப்படும் முதல் விஷயம் வருகிறது. நான் யாழ்ப்பாணத்தில் பொதுவேலைத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்தவன். வெள்ளைக்காரர் விட்டுப்போன அரசாங்கக் கச்சேரி, சுங்கக் கட்டடம், மிஷன் பங்களா எல்லாவற்றையும் அளந்து, புகைபோக்கியைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படங்கள் வரைந்தவன். அப்படிப்பட்டவன் ஒரு தரம் குனிந்து மேலே பார்க்கவில்லை. பல்வைத்தியர் புகைபோக்கியின் வாயை இரும்புத் தகட்டால் மூடிவிட்டிருந்தார்.

புகை மேலே போய், யோசித்து, திரும்பி வந்தது. மனைவி யன்னலைத் திறக்க ஓடினாள். யன்னல் உறைந்திருந்தது. பக்கவாசலைத் திறந்தாள். நான் தரையில் படுத்திருந்து இருமிக்கொண்டு ஊதினேன். அவள் வாசலில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “பொங்குது, பொங்குது, கிழக்காலை பொங்குது” என்றாள். அவளுடைய குரலில் சந்தோசம் இருந்தது. அதை நான் மறக்கவில்லை. கிழக்காகப் பொங்கினால் நல்லது. ஒரு பிடி அரிசியைப் போட்டேன். அந்தக் கணத்தில் பானை இரண்டாகப் பிளந்தது.

பாலும் அரிசியும் சர்க்கரையும் கொதிக்கிற கல்லில் ஊற்றுண்டு, கீழே விழுந்த பானையடியைச் சுற்றிக் கருகி ஒட்டின. ஆறின பிறகு கம்பித் தும்பால் தேய்த்தேன். கல் மென்மையான மணற்கல். பாலைக் குடித்துவிட்டது. தேய்க்கத் தேய்க்க வளையம் மினுங்கியது.

“விடுங்கோ” என்றாள் மனைவி. “பிள்ளையிட்டை உள்ளதைச் சொல்லுவம்.”

“சொல்லத்தான் போறன்” என்றேன்.

மூன்றாம் நாள் டெங்க்மால் பெண்ணும் மகளும் சேர்ந்து வந்தார்கள். பெண் படிப்பறைக்குள் வந்து கல்லின் முன் நின்றார். “இது முன்பு இருந்ததா?” என்று மகளைக் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள்.

“அப்பா, உது முந்தியே கிடந்ததோ?”

“ஓம் பிள்ளை. கம்பளத்துக்குக் கீழை கிடந்தது. எடுத்தாப் பிறகுதான் தெரியுது.”

“என்ன, புகை மணக்குது?”

“சாம்பிராணி போட்டனாங்கள்.”

இந்த இரண்டு பதில்களும் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தன என்பதை நினைக்க இன்றும் எனக்கு ஆச்சரியம். மனைவி பின்னால் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

அதோடு விட்டிருந்தால் கறை கறையாகக் கிடந்திருக்கும். ஆனால் டெங்க்மால் பெண் முழங்காலில் அமர்ந்து, பையிலிருந்து கண்ணாடி ஒன்றை எடுத்து, வளையத்தைக் கல் கல்லாகப் பார்த்தார். பிறகு சிறு இடுக்கியால் இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து மணந்தார். ஏலக்காய்த் தோல். அவருடைய முகம் மாறியது. எனக்காக மெதுவாக, சுத்தமான டொச்சில் கேட்டார்: “இது நீங்கள் சமைக்கும் பொருள் அல்லவா? இவ்வளவு பழைய அடுப்பில் இது எப்படி வந்திருக்கும்?”

அப்போது மகள் தொலைபேசி வந்து வெளியே போயிருந்தாள். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஆனால் அந்தப் பெண் மேலும் ஒரு வாக்கியம் சொன்னார்: “நீங்கள் கட்டடப்படம் வரைந்தவர் என்று உங்கள் மகள் சொன்னார். உங்கள் கருத்து என்ன?”

முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் எத்தனையோ கட்டடங்களுக்குள் போய் வந்திருக்கிறேன். தரை வழுக்குகிறதா, குப்பை எடுத்தாயிற்றா, கண்ணாடியில் விரல் அடையாளம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு கட்டடத்தைப் பற்றி என் கருத்து என்ன என்று யாரும் கேட்டதில்லை. எனக்குத் தலை கொஞ்சம் சுற்றியது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அப்போது என்ன நடந்தது என்றுதான் சொல்கிறேன்.

“பாதிரியார் முதலில் இலங்கையில் இருந்திருக்கலாம்” என்றேன். “எங்கள் பக்கம் மிஷன் பங்களாக்களில் இப்படிக் கணப்புகள் இருக்கின்றன. பாலில் அரிசியும் ஏலமும் போட்டுக் காய்ச்சும் வழக்கம் அங்கே உண்டு. நோயாளிக்கு நல்லது.”

ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மை. முதல் வாக்கியத்தில் ‘இருக்கலாம்’ என்று ஒரு சொல்லும் போட்டிருந்தேன். இந்தச் சாமர்த்தியத்தை நினைத்துத்தான் இப்போது அதிகம் வெட்கப்படுகிறேன்.

அவர் இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் வந்தார். அந்த மிஷன் பங்களாவின் கணப்பு எப்படி இருக்கும் என்று கேட்டார். நான் அளவுகோல் எடுத்து, பென்சில் சீவி, மேசையில் இருந்து மூன்று நாள் வரைந்தேன். முன்தோற்றம், குறுக்குவெட்டு, அளவுகள் எல்லாவற்றுடனும் வரைந்தேன். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

“வடிவாத்தான் கீறியிருக்கிறியள்” என்றாள். “பானை உடைஞ்சதையும் ஒரு பக்கத்திலை கீறிவிடுங்கோவன்.”

வைகாசியில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மகள் குசினியில் நின்று வாசித்தாள். படிப்பறையின் கணப்பும் அது சேர்ந்த சுவரும், சமீபத்தில் கிடைத்த சான்றுகளின்படி, எதிர்பார்த்ததைவிடச் சிறப்பு வாய்ந்தவை. ஆகவே அந்தச் சுவரில் கதவு வெட்ட அனுமதி இல்லை. அந்த அறையைப் படுக்கையறையாக்குவதும் விரும்பத்தக்கதல்ல.

மகள் கடிதத்தை மடித்தாள். “ஆறு மாசம் பொறுத்து திரும்பப் போட்டுப் பாப்பம், அம்மா. அதுவரைக்கும் மேல்தான்” என்றாள். மனைவி என்னைப் பார்க்கவில்லை. பருப்பு கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவுப் படுக்கையில் மட்டும் சொன்னாள்: “நான் உங்களைக் காட்டிக் குடுக்கமாட்டன். உங்கடை வாயாலைதான் அது வரவேணும். ஆனா ஏறேக்கை ஒவ்வொரு படியிலையும் உங்களை நினைப்பன்.”

நினைத்தாள். காலையில் இறங்கும்போது ஒருமுறை, மத்தியானம் ஏறும்போது ஒருமுறை, குளியலறை மேலேதான் என்பதால் இடையில் பலமுறை. ஏழாம் படியில் கட்டாயம் இருந்து ஆறுவாள். அந்தப் படியிலிருந்து பார்த்தால், திறந்திருக்கும் படிப்பறைக் கதவினூடாக நேரே கணப்புக் கல் தெரியும். கட்டியவர் வேண்டுமென்று அப்படி வைத்திருக்கமாட்டார். ஆனால் எந்தக் கோணத்தில் வரைந்தாலும் அதைவிடத் துல்லியமாக வராது. நான் கீழே பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பேன். படியில் அவள் மூச்சு வாங்குவது கேட்கும். பிறகு குரல் வரும்.

“பாதிரியார் இன்னும் கஞ்சி காய்ச்சி முடியேல்லையோ?”

நான் பத்திரிகையை உயர்த்திப் பிடிப்பேன்.

புரட்டாசியில், ஊரின் பழைய வீடுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள் வந்தது. டெங்க்மால் பெண் அதற்காக ஒரு சிறு புத்தகம் எழுதி அச்சடித்துக்கொண்டு வந்தார். அவருடைய முதல் புத்தகம். எனக்குத்தான் முதல் பிரதி. உள்ளே நான் வரைந்த படம், கீழே நன்றி என்று என் பெயர். பாதிரியாரின் இலங்கைக் காலம் பற்றி ஒரு பந்தி. ‘இருக்கலாம்’ என்ற சொல்லை அவர் விடாமல் வைத்திருந்தார். நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

இருபது பேர் வரையில் வந்தார்கள். எல்லோரும் சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்ரிக் உறை போட்டுக்கொண்டு, கோயிலுக்குள் வந்த மாதிரி மெதுவாகக் கதைத்தார்கள். கூரைகளின் முட்டல், வழுக்கு யன்னல், அழ வருகிறவர்களுக்கான பக்கவாசல் எல்லாவற்றையும் பெண் அழகாக விளக்கினார். மகள் குசினியில் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றாள். கடைசியில் கூட்டம் படிப்பறைக்கு வந்து வளையத்தைச் சுற்றி நின்றது.

“நோயாளிகள் சிலர் இந்த வீட்டின் மேல்மாடியில் தங்கியிருந்தார்கள்” என்றார் பெண். “இங்கே காய்ச்சிய கஞ்சியை எடுத்துக்கொண்டு, அதோ அந்தக் குறுகிய படிகளில் பாதிரியார் ஏறியிருக்க வேண்டும்.”

எல்லோரும் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார்கள். ஏழாம் படியில் என் மனைவி இருந்தாள். விருந்தாளிகளுக்கு வழிவிட்டு மேலே போக வெளிக்கிட்டவள், வழக்கமான இடத்தில் மாட்டிக்கொண்டாள். இருபது பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டு சேலையைச் சரிசெய்தாள்.

“என்னவாம்?” என்று என்னைக் கேட்டாள்.

“பாதிரியார் கஞ்சியோடை இந்தப் படியிலை ஏறினவராம்.”

“ஏறினவரோ. அப்ப அவரிட்டைச் சொல்லுங்கோ, வாறபோது என்ரை முழங்கால் குளிசையையும் கையோடை கொண்டுவரச் சொல்லி. நான் இவ்வளவும்தான் ஏறுவன் இண்டைக்கு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் சுவரையும் பிடித்து எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. திரும்ப இருந்துவிட்டாள். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. ஆனால் உதட்டைக் கடித்திருந்தாள். அவள் அந்தக் கோடை முழுக்கத் தினமும் அப்படித்தான் எழும்பியிருக்கிறாள். நான் பத்திரிகையை உயர்த்திப் பிடித்திருந்தபடியால் பார்க்கவில்லை.

“மன்னிக்கவும்” என்றேன் டொச்சில். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

என்னுடைய டொச் ஹோட்டல் குசினியில் படித்தது. கட்டளையை விளங்கிக்கொள்ளவும் மன்னிப்புக் கேட்கவும் அதில் எல்லாச் சொற்களும் இருக்கின்றன. பாதிரியார் ஒன்றும் காய்ச்சவில்லை, நான் காய்ச்சினேன் என்றேன். பங்குனி மாதம். புதுப்பானை. கண்ணாடி அடுப்பு பானை இல்லை என்று சொன்னது. புகைபோக்கி மூடியிருந்தது. பானை உடைந்தது. ஏலக்காய் என்னுடையது. நெருப்பு மூட்டாதே என்ற கடதாசியைக்கொண்டுதான் நெருப்பு மூட்டினேன். பாதிரியார் இலங்கைக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் மனைவிக்குக் கதவு கிடைக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு வயதான பெண்மணி கையை உயர்த்தினார்.

“பால் எந்தப் பக்கம் வழிந்தது?”

“கிழக்கே” என்றேன்.

“அது நல்லதா?”

“நல்லது.”

அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

டெங்க்மால் பெண் சிரிக்கவில்லை. கையில் மிச்சமிருந்த புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாசலால் வெளியே போனார். அந்த வாசல் எதற்காகக் கட்டப்பட்டது என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவரே விளக்கியிருந்தார். நான் பின்னால் போனேன். அவர் மதிலோடு நின்றார்.

“நீங்கள் வரைந்த அந்தக் கணப்பு?” என்று கேட்டார். “அதுவும் பொய்யா?”

“இல்லை. அது இருக்கிறது. அளவுகளெல்லாம் சரி. ஆனால் அதில் யாரும் கஞ்சி காய்ச்சவில்லை. அந்த வெக்கைக்குள் யார் நெருப்பு மூட்டுவது. அதற்குள் பைல்கள் அடுக்கி வைத்திருந்தார்கள்.”

அவருடைய உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. “நான் உங்களிடம் கேட்டதற்குக் காரணம், உங்களுக்குத் தெரியும் என்று நம்பியதால்” என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் தன் மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னார். நானும் கூட வரவா என்று கேட்டேன். கடிதம் எழுதித் தந்தால் போதும் என்றார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அவர் அதில் இலக்கணத்தை மட்டும் திருத்தினார். புத்தகத்தின் மிச்சப் பிரதிகளில் ஒவ்வொன்றாக ஒரு திருத்தத்தாள் ஒட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையை நான் கேட்டு வாங்கினேன். பசை போட்டு, ஓரம் பிசகாமல், எல்லாவற்றையும் குசினி மேசையில் இருந்து ஒட்டினேன். என் பெயருக்குப் போட்டிருந்த நன்றியை அவர் நீக்கவில்லை. ஒவ்வொரு பிரதியிலும் அதையும் பார்த்துக்கொண்டுதான் ஒட்டினேன்.

மகள் சத்தம் போடவில்லை. இரண்டு வாரம் என்னோடு டொச்சில் மட்டும் கதைத்தாள், அதுவும் வங்கியில் கதைக்கிற மரியாதையோடு. “தங்களுக்கு உப்பு வேண்டுமா?” என்று கேட்பதுபோல. மருமகன் ஒருநாள் என்னைத் தனியே பிடித்து, “மாமா, எண்டாலும் அந்தக் குறுக்குவெட்டுப் படம் நல்லாயிருக்கு” என்றான். அவனை அவள் முறைத்ததில், அவனும் இரண்டு நாள் டொச் கேட்க நேர்ந்தது.

விண்ணப்பம் திரும்பப் போடப்பட்டது. மார்கழிக்கு முன்னால் அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு: கல்லை இனி யாரும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கல் உதிரும். வளையம் கிடந்தபடியே கிடக்கட்டும். கடிதத்தின் கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்து. கதவு வெட்டுகிற அன்று அவரே வந்து நின்றார். சுவருக்குள் கழகக்காரர் அடைத்த செங்கல்தான் இருந்தது என்று எனக்குக் காட்டினார். என்னிடம் கருத்துக் கேட்கவில்லை. ஆனால் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்கத் தந்தார். பிடித்தேன்.

தையில் நாங்கள் கீழே வந்தோம். இந்தமுறை பாலை மனைவியே காய்ச்சினாள், எவர்சில்வர் சட்டியில், கண்ணாடி அடுப்பில். சட்டி இருக்கிறது என்று அடுப்பு உடனே ஒத்துக்கொண்டது. நான் குசினி வாசலுக்கு வெளியே நின்று பார்க்க அனுமதிக்கப்பட்டேன்.

முதல் நாள் காலை அவள் கட்டிலிலிருந்து எழும்பி, புதுக்கதவால் குளியலறைக்கு நடந்தாள். எண்ணிக்கொண்டே போனாள். “பதினொண்டு” என்றாள் உள்ளேயிருந்து. “பதினொரு அடி. படியில்லாமல்.”

ஆனால் கட்டில் மட்டும்தான் கீழே வந்திருக்கிறது. மேலே வைத்துப் பொருத்திய அலுமாரி அந்தப் படிக்கட்டால் இறங்காது, அங்கேயே நிற்கிறது. அவளுடைய சேலைகள், போர்வை, குளிசைகள், மூக்குக்கண்ணாடி எல்லாம் அதற்குள்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கீழே வைப்போம் என்று சொன்னேன். வேண்டாம் என்றாள். பாதுகாக்கப்பட்ட அறையில் சாமான் அடுக்கக் கூடாதாம்.

இன்று காலையும் போர்வை கேட்டாள். பத்தொன்பது படி ஏறி எடுத்துவந்து கொடுத்தேன். எனக்கும் முழங்கால் முன்புபோல் இல்லை. இறங்கும்போது ஏழாம் படியில் இருந்து ஆறினேன். அங்கேயிருந்து வளையம் நன்றாகத் தெரிகிறது. அவள் போர்வையைக் காலில் விரித்துக்கொண்டு, கதிரையில் சாய்ந்து, பத்திரிகையைக் கையில் எடுத்தாள். ஒரு பக்கம் புரட்டினாள்.

“இஞ்சருங்கோ” என்றாள். “கண்ணாடியையும் சொல்ல மறந்துபோனன்.”